மூன்றுக்கு ஒரு மயிர் குறைவு

சம்மாந்துறையில் அகமதுலெவ்வையின் பழைய இரும்புக் கடை.
சைக்கிள் செயின், தகர வாளி,
நீரிறைக்கும் இயந்திரத்தின் கழற்றிய வயிறு,
இவற்றுக்கடியில் கிடக்கும் கல்லெல்லாம் ஒரே நிறம்:
எண்ணெய் நிறம்.

கரும்பலகைக் கல்லென்று நம்பி
நான் வாங்கிய முதலாவது
சலவைத்தூளில் இரண்டு நாள் ஊறி
சிமெந்துத் துண்டாய் எழும்பியது.
நூற்றைம்பது ரூபாய்.
இப்போது எங்கள் குசினிக் கதவுக்கு முண்டு.

அன்றிலிருந்து கண்ணை நம்புவதில்லை.

முதலில் எச்சில்.
கடைக்காரர் பாராத நேரம் பெருவிரலை நனைத்து
ஓரத்தில் ஒரு தேய்.
மடக்கென்று குடித்தால் ஆலையில் சுட்டது:
தச்சனின் உளிக்குக் காணும்,
என் தொண்டைக்குழிக்கு வேண்டாம்.
குடிக்காமல் ஈரம் மேலேயே நின்றால்
மலையில் அறுத்தது.
அப்போது மூக்கைக் கொண்டுபோக வேண்டும்;
வட்டையில் முதல் தண்ணீர் பாய்ந்த வாடை
இலேசாக வரும், சிலதில்.

“என்னகா, மணந்து பாக்கிறீங்க,
மாம்பழமா அது?”

சட்டைப் பையில் பாதித் தேசிக்காய்.
ஒரு சொட்டுக்கு நுரைத்தால்
சுண்ணாம்பு, வைத்துவிட்டு வரலாம்.
வெயிலுக்குப் பிடித்தால் விளிம்பில்
விரலின் சிவப்பு ஊடே தெரிகிற கல்லும் உண்டாம்.
நான் கண்டதில்லை.

சித்திரையில் ஒன்று அகப்பட்டது.
மீன் செதில் ஒட்டியிருந்தது.
நடு, கரண்டிபோல் பள்ளம்.
பக்கத்தைச் சுரண்ட
மேலே மஞ்சள், கீழே கத்தரிப்பூ,
இரண்டும் ஒட்டுப்போடாமல் ஒன்றாய்ப் பிறந்தவை.
முந்நூறு கேட்டார். பேரம் பேசவில்லை நான்;
அதிலேயே அவருக்குச் சந்தேகம்.

ஆலையில் நெல்லின் ஈரம் பார்க்கும் மேசையில்
ஆளில்லா நேரம் நிறுத்தேன்.
அறுநூற்று நாற்பது கிராம்.
சாக்குநூலில் கட்டி வாளித் தண்ணீருக்குள் தொங்கவிட
நானூற்றிருபத்தைந்து.
கழித்து, வகுத்து,
லொறிச் சிட்டையின் பின்பக்கத்தில் எழுதினேன்:
மூன்றுக்கு ஒரு மயிர் குறைவு.
“கல்லையும் நெல்லோட சேக்கத் தொடங்கிட்டியா?”
முதலாளி, வாசலில்.

மூன்று அந்தி, கண்ணாடி மேல் உப்புத்தாள் விரித்து
பள்ளம் மறையும்வரை தேய்த்தேன்.
மஞ்சள் பால் ஓடியது வாழையடிக்கு.
மூலையில் ஆணியால் கீறிய ஓர் எழுத்து,
றகரமோ நகரமோ,
அதுவும் பள்ளத்தோடு போனது.
நான்காம் நாள் காலை
சவரக்கத்தி கன்னத்தில் நடந்தது
எனக்கே கேட்கவில்லை.

பிறகுதான் அகமதுலெவ்வை சொன்னார்:
காரைதீவுச் சந்தையில் மீன் வெட்டும் பரிபூரணம்
இரண்டு தரம் வந்துபோனாளாம்.
கேளாமல் தூக்கி விற்றவன் மருமகன்.
“மூலையில எழுத்து இரிக்காம்.
மகன் சின்னனில கீறினதாம்.”

கடதாசியில் சுற்றிக்கொண்டு போனேன்.
அவள் வாங்கித் திருப்பினாள்.
மூலையைத் தடவினாள். அடுத்த மூலையை.
நாலையும்.
“இதில்ல” என்றாள்.

எனக்கு அதன் எடை தெரியும்,
தண்ணீருக்குள் எடை தெரியும்,
மணம், பால், இரண்டு நிறம்.
ஓம், இதுதான் என்று சொல்ல
ஒரு எழுத்து இல்லை என்னிடம்.

திருப்பித் தரப் போனவள்
என்ன நினைத்தாளோ,
பாரை வெட்டின கத்தியைத் துடைத்து
கல்லில் வைத்து இழுத்தாள், ஒரு தரம்.
நின்றாள்.
தலையைச் சரித்து இன்னொரு தரம்.

“சத்தம் என்ர கல்லுதான்.
மூஞ்சிதான் ஆர்ரயெண்டு தெரியல்ல.”

சொல்லிவிட்டு என்னைப் பார்த்தாள்.
அன்று காலை மழித்த தாடையில்
ஈயொன்று நிற்க முடியாமல்
வழுக்கியது.